டர்பைன் போடலாமா? ஒரு சாய ஆலையின் நீராவிக் கணக்கு

"ஏனுங்க, ஒரு டர்பைன் போட்டுட்டா ஈ.பி.க்கு ஒரு கும்பிடு போட்டுடலாமுங்களா?"

ஈரோட்டுப் பக்கம் எந்தப் பிராசசிங் மில்லுக்கு எனர்ஜி ஆடிட் செய்யப் போனாலும் இரண்டாவது டம்ளர் டீ வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். மேசை மேல் அந்த மாதத்துக் கரண்ட் பில் கிடக்கும். பில் 70 லட்சத்தைத் தாண்டியிருந்தால் கேள்வி இன்னும் சீக்கிரம் வரும். நேரடிப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் தயக்கம்தான். இந்தக் கேள்விக்கான விடை கரண்ட் பில்லில் இல்லை, பாய்லர் ஹவுஸில் இருக்கிறது. அங்கே ஸ்டீம் மீட்டர் இருக்காது, இருந்தாலும் ஓடாது.

ஒரே எரிபொருளில் கரண்டும் நீராவியும் சேர்த்து எடுப்பதைக் கோஜெனரேஷன் என்கிறோம், தமிழில் இணை மின் உற்பத்தி. பாய்லர் நீராவி முதலில் டர்பைனைச் சுற்றிக் கரண்ட் தரும், பிறகு அதே நீராவி ஆலையின் வேலைக்குப் போகும். சர்க்கரை ஆலைகளும் காகித ஆலைகளும் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. கரும்புச் சக்கை சர்க்கரை ஆலைக்குச் சொந்தச் சரக்கு. 21 கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு 21 கிலோ) பாய்லரில் தொடங்கி 45, 67, 87, 110 என்று ஏறிக்கொண்டே போய், மிச்சக் கரண்டை வெளியே விற்கவும் செய்கிறார்கள். காகிதபுரத்தில் உள்ள டி.என்.பி.எல். ஆலை சர்க்கரை ஆலைகளிலிருந்து சக்கையைக் காகிதம் செய்ய எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக அந்த ஆலைகள் பாய்லர் எரிக்க வேறு எரிபொருளுக்கு வழி செய்து கொடுக்கிறது. சக்கையை எரிப்பதா, காகிதமாக்குவதா என்ற கேள்விக்கு அது ஒரு நல்ல விடை. ஆனால் நம் சாய ஆலைக்காரர் எரிபொருளைக் காசு கொடுத்து வாங்குபவர். சர்க்கரை ஆலையின் கணக்கை அப்படியே இவர் தலையில் கட்ட முடியாது.

பேசுவதற்கு ஒரு மில்லைக் கற்பனை செய்துகொள்வோம். நான் பார்த்த நாலைந்து மில்களைக் கலந்தால் கிடைக்கும் மில் இது. பருத்தியும் கொஞ்சம் பாலியெஸ்டரும் சாயம் போடுகிறார்கள். 10 கிலோ பிரஷரில் ஒரு பாய்லர் ஓடுகிறது, எரிபொருள் நிலக்கரி. சராசரி நீராவி மணிக்கு 8.5 டன், சராசரி மின் சுமை 1,300 கிலோவாட், ஆண்டுக்கு 7,500 மணி நேர ஓட்டம். நிலக்கரி கிலோவுக்கு 4,000 கிலோகலோரி, இறக்குமதி விலை 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை மாறினால் கணக்கும் மாறும். ஆனால் எந்தத் தேர்வு எதைவிட மேல் என்பது அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை.

கரண்டின் விலை என்ன? உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு யூனிட் 7 ரூபாய் 50 காசை ஒட்டி. காலையும் மாலையும் பீக் நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், அதற்கு மேல் 5 சதவீத மின்வரி. எல்லாம் சேர்ந்தால் 8 ரூபாயைத் தாண்டிவிடும், கணக்குக்கு 8 என்றே வைத்துக்கொள்வோம். மாதத்தின் உச்சச் சுமைக்கு வாங்கும் டிமாண்ட் சார்ஜ் தனி. மாதம் சுமார் 8 லட்சம் யூனிட் ஓடும் மில்லுக்கு 70 லட்சத்துக்குக் குறையாத பில் வருவதில் ஆச்சரியம் இல்லை.

முதலாளி பார்க்காத பக்கம் ஒன்று உண்டு. ஒரு டன் நீராவிக்குச் சுமார் 190 கிலோ கரி போகிறது, அதாவது 1,300 ரூபாய். மாதத்துக்கு 5,300 டன் நீராவி என்றால் கரிச் செலவு 70 லட்சம். கரண்ட் பில்லுக்கு ஏறக்குறைய சமம்! ஆனால் கரண்ட் பில் ஒரே தாளில், கெடு தேதியோடு வருகிறது. கரி லாரி லாரியாக வந்து, பல பில்களில் சிதறி, யார் கண்ணையும் உறுத்தாமல் எரிந்துபோகிறது.

தூங்கும் பணம்

அதனால் நான் சொல்லும் முதல் தேர்வு டர்பைனே இல்லை. மில்லைச் சுற்றி ஒரு நடை.

துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களுக்குப் பின்னால், தரையோரம் போகும் கண்டன்சேட் லைனைப் பாருங்கள். வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராவி தண்ணீராக மாறுவதுதான் கண்டன்சேட். அதை மட்டும் வெளியே விட்டு நீராவியைப் பிடித்து வைப்பது ஸ்டீம் டிராப். ஸ்டீம் டிராப்பை ஒட்டி ஒரு பைபாஸ் வால்வு இருக்கும், அது கால் சுற்று திறந்தே இருக்கும். கேட்டால், "டிராப் அடைச்சுக்குதுங்க, பேட்ச் சூடேற லேட்டாகுது, அதான் கொஞ்சம் விட்டு வச்சிருக்கோம்" என்பார் ஷிப்ட் ஃபிட்டர். அவர் சொல்வது அவர் வேலைக்குச் சரி. பேட்ச் தாமதமானால் திட்டு அவருக்குத்தான் விழுகிறது, கரி எரிந்தால் விழுவதில்லை. ஆனால் 3 மில்லிமீட்டர் துளை, 7 கிலோ பிரஷர் என்றால் மணிக்கு 20 கிலோவுக்கு மேல் நீராவி சும்மா போகும். அப்படி 30 டிராப் இருந்தால் மணிக்கு 600 கிலோ. நாள் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை உட்பட.

அடுத்தது கண்டன்சேட். சாயக் கறை கலந்துவிடுமோ என்று பயந்து பாதியை வாய்க்காலில் விடுகிறார்கள். பாய்லருக்குள் போகும் ஃபீட் வாட்டரின் வெப்பத்தை 6 டிகிரி ஏற்றினால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிச்சம் என்பது பாய்லர்காரர்களின் பழைய வாய்ப்பாடு. தண்ணீரை 50 டிகிரியில் கொடுப்பவர் 85க்கு ஏற்றினால் கிட்டத்தட்ட 6 சதவீதம் கையில் நிற்கும். காப்புறை இல்லாத வால்வு, ஃபிளாஞ்ச், அதிகமாகக் காற்று விடும் ஃபேன், 200 டிகிரியைத் தாண்டிய புகை என்று எல்லாவற்றையும் சேர்த்தால் 15 சதவீதம் குறைக்க முடியாத மில்லை நான் பார்த்ததில்லை. அந்த 15 சதவீதம் ஆண்டுக்கு ஒன்றேகால் கோடி. அதற்கான முதலீடு சில லட்சங்கள், ஓர் ஆள், ஒரு நோட்டுப் புத்தகம்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்கு, பணம் மிச்சமாவது தவிர இன்னொரு காரணமும் உண்டு. கசிவோடு சேர்த்து 8.5 டன் என்று கணக்குப் போட்டு டர்பைன் வாங்கிவிட்டால், பின்னால் கசிவை அடைக்கும்போது டர்பைனுக்கு நீராவி போதாமல் போய்விடும். அப்புறம் யாரும் கசிவை அடைக்க மாட்டார்கள். "ஸ்டீம் குறைஞ்சா கரண்ட் குறையுது, விட்டுடுங்க" என்ற பேச்சை ஒரு மில்லில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

சரி, சுற்றி வந்து 8.5 டன்னை 7 டன்னாகக் குறைத்தாயிற்று. இனி டர்பைன் பற்றிப் பேசலாம்.

அழுத்தத்தை வீணாக்காமல்

நீராவி பிரிந்து போகும் பெரிய குழாயான பாய்லர் ஹெடருக்குப் பக்கத்தில் எப்போதும் உய்யென்று இரையும் ஒரு வால்வு இருக்கும், பி.ஆர்.வி. 10 கிலோ பிரஷரில் வரும் நீராவியின் அழுத்தத்தை இறக்கி மில்லுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்த இரைச்சல் கரண்டாகியிருக்க வேண்டியது. அதே வேலையைச் சின்ன டர்பைன் ஒன்று செய்து 3.5 கிலோவுக்கு இறக்கினால் டன்னுக்குச் சுமார் 20 யூனிட் கிடைக்கும். 7 டன்னுக்கு 140 கிலோவாட், ஆண்டுக்குப் பத்து லட்சம் யூனிட்டை ஒட்டி. புது பாய்லர் வேண்டாம், ஆள் கூட வேண்டாம். சாதாரண இண்டக்ஷன் ஜெனரேட்டரே போதும், ஈ.பி. கிரிடோடு சேர்ந்து ஓடும். கிரிட் போனால் இதுவும் நின்றுவிடும், நீராவி பி.ஆர்.வி. வழியே போய்விடும்.

குறை என்ன? வெளியே வரும் நீராவி ஈரமாக இருக்கும், செப்பரேட்டர் போட வேண்டும். இன்னொன்று, பாலியெஸ்டருக்கு 130 டிகிரி வேண்டும். 3.5 கிலோ பிரஷரில் நீராவி 148 டிகிரிதான், அதனால் கடைசிச் சில டிகிரி ஏற நேரம் பிடிக்கும். பாலியெஸ்டர் மெஷின்களுக்கு மட்டும் பழைய லைனை வைத்துக்கொண்டால் போதும். பருத்திக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இருக்கும் பாய்லருக்கு இன்னும் பத்து வருட ஆயுள் இருந்தால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

பாய்லர் மாற்றும் நேரம் வந்துவிட்டதா? அப்போது கதையே வேறு. 10 கிலோ பாய்லருக்குப் பதில் 45 கிலோ, 420 டிகிரி பாய்லர் வாங்கி, பேக் பிரஷர் டர்பைன் (சுற்றிவிட்டு வரும் நீராவியை அழுத்தத்தோடு மில்லுக்கே கொடுப்பது) வழியாக 3 கிலோவுக்கு இறக்கினால் டன்னுக்குச் சுமார் 90 யூனிட் கிடைக்கிறது. 20 எங்கே, 90 எங்கே! 7 டன்னுக்கு 630 கிலோவாட். மில்லின் சுமையில் ஏறக்குறையப் பாதி.

இந்தக் கரண்டுக்கு ஆகும் கரிதான் கோஜெனரேஷனின் சூட்சுமம். டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவி முழுவதும் சாயத் தொட்டிக்கும், கழிவு நீரை வற்றவைக்கும் எவாப்பரேட்டருக்கும் போகிறது. கூலிங் டவரில் ஆவியாகிப் போவது எதுவும் இல்லை. அதனால் ஒரு யூனிட்டுக்குக் கூடுதலாக எரிவது ஏறத்தாழ 1,200 கிலோகலோரி, அதாவது 300 கிராம் கரி, 2 ரூபாய் 10 காசு. பெரிய அனல் மின் நிலையமே ஒரு யூனிட்டுக்கு 2,500 கிலோகலோரி வரை எரிக்கிறது, பாதிக்கு மேல் கூலிங் டவரில் விடுகிறது. பராமரிப்பு, ஆள், ரசாயனம் என்று 70 காசு போட்டாலும் நம் யூனிட் 3 ரூபாய்க்குள் நிற்கும். 8 ரூபாய்க் கரண்டை இது விலக்குகிறது. யூனிட்டுக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 47 லட்சம் யூனிட், மிச்சம் 2 கோடியே 35 லட்சம்.

ஒப்பிட வேண்டிய முதலீடு எது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 45 கிலோ பாய்லர், டர்பைன், சிவில் வேலை எல்லாவற்றின் மொத்த விலையையும் எடுத்துக்கொண்டு, "ஏழு வருஷம் ஆகுமுங்க" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எப்படியும் வாங்கத்தான் போகிற 10 கிலோ பாய்லரின் விலையைக் கழித்துவிட்டு, கூடுதல் தொகையை மட்டும் பார்க்க வேண்டும். அந்தக் கூடுதல் 7 கோடிக்குள் அடங்கினால் மூன்று வருடத்தில் திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் நான் கொஞ்சம் முகம் சுளிப்பேன். சாயத் தொழிலில் மூன்று வருடத்துக்கு அப்பால் ஆர்டர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தவர் எவரும் சொல்லியதில்லை.

டிமாண்ட் சார்ஜும் குறையும் என்று டர்பைன் விற்பவர் தன் தாளில் ஒரு வரி சேர்த்திருப்பார். அதை அடித்துவிடுங்கள். மாதத்தில் ஒரே ஒரு முறை டர்பைன் டிரிப் ஆகி நின்று, அந்த அரை மணி நேரம் முழுச் சுமையும் கிரிட்டில் ஏறினால் போதும், அந்த மாதத்துக்கான டிமாண்ட் பதிவாகிவிடும். ஒப்பந்த டிமாண்டைக் குறைத்துவிட்டிருந்தால் அதற்கு அபராதம் வேறு. முதல் இரண்டு வருடம் ஒப்பந்தத்தைத் தொடாமல் ஓட்டிப் பார்ப்பது நல்லது. கிரிட்டோடு சேர்ந்து ஓட்டுவதற்கான இணை இயக்கக் கட்டணத்தையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொல்லைகளும் உண்டு. 10 கிலோ பாய்லர் மாட்டு வண்டி மாதிரி, சாஃப்ட்னர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஓடும். 45 கிலோவுக்கு உப்பெல்லாம் நீக்கிய டி.எம். தண்ணீர் வேண்டும். கழிவு நீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் மில்களில் ஆர்.ஓ. தண்ணீர் இருப்பதால் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாயிற்று. ஆனால் ஏதாவது ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓட்டையாகி, சாயமும் உப்பும் கண்டன்சேட்டில் கலந்து பாய்லருக்குத் திரும்பினால், சூப்பர் ஹீட்டர் குழாயும் டர்பைன் பிளேடும் அதன் விலையைக் கொடுக்கும். கண்டன்சேட் லைனில் கண்டக்டிவிட்டி மீட்டரும், தானாகத் திருப்பிவிடும் வால்வும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். டர்பைனிலிருந்து வரும் நீராவி 200 டிகிரிக்கு மேல் இருக்கும், அதைத் தணிக்க டிசூப்பர் ஹீட்டரும் வேண்டும். பாய்லர் ஆபரேட்டர் தகுதிச் சான்று, மின் ஆய்வாளர் ஒப்புதல், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு என்று அலைச்சலும் கூடும்.

கண்டன்சிங் என்ற ஆசை

பேக் பிரஷர் டர்பைனில் நீராவி குறைந்தால் கரண்டும் குறையும். "அப்படியா? அப்போ கண்டன்சர் வச்ச டர்பைன் போடுங்க, ஸ்டீம் வேணும்கிறபோது ஸ்டீம், இல்லாதபோது முழுக்கக் கரண்ட்" என்று ஒரு யோசனை வரும். கண்டன்சர் என்பது டர்பைனை விட்டு வரும் நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குவது. கேட்க இனிக்கும். மில் முழுவதும் சொந்தக் கரண்ட், டி.ஜி. செட்டே வேண்டாம்!

கணக்கைப் பாருங்கள். 45 கிலோ நீராவியைக் கண்டன்சர் வரை இறக்கினால் ஒரு யூனிட்டுக்கு 5 கிலோ நீராவி ஆகும். எரிபொருளில் சொன்னால் 4,200 கிலோகலோரி. ஒரு கிலோவுக்கு மேல் கரி, 7 ரூபாய் 35 காசு. அதோடு பராமரிப்பு, கூலிங் டவர் தண்ணீர். ஈ.பி. கரண்டின் விலைக்கே வந்து நின்றுவிட்டோம். பேக் பிரஷர் யூனிட்டோடு ஒப்பிட்டால் மூன்றரை மடங்கு எரிபொருள். சின்ன அளவில் கண்டன்சிங் என்பது, மோசமான அனல் மின் நிலையத்தை நாமே கட்டி நாமே ஓட்டுவதுதான்.

இதை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லில் எல்லா மெஷின்களின் பெயர்ப் பலகையில் உள்ள நீராவி அளவையும் கூட்டி 18 டன் என்று எடுத்து, 3 மெகாவாட் எக்ஸ்ட்ராக்ஷன் கண்டன்சிங் டர்பைன் (நடுவில் மில்லுக்கு நீராவி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கண்டன்சருக்கு விடுவது) வாங்கினார்கள். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் சூடேறும் நாள் வருடத்தில் ஒன்றுகூட இல்லை. உண்மையான சராசரி 9 டன். மிச்சத்தைக் கண்டன்சரில் தள்ளி ஓட்டினார்கள். கரி மலிவாக இருந்தவரை தாக்குப் பிடித்தது. 2021-22இல் இறக்குமதிக் கரி விலை எகிறியபோது ஓட்டினால் நஷ்டம், நிறுத்தினால் கடன் தவணை. நான் போன நாளில் டர்பைன் ஹால் பூட்டியிருந்தது. திறந்து காட்டினார்கள். தூசு படியாமல் தார்ப்பாய் போட்டு, அதன் மேல் சரஸ்வதி பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. வெளியே 45 கிலோ நீராவி ஒரு பெரிய பி.ஆர்.வி. வழியாக 3 கிலோவுக்கு இறங்கி இரைந்துகொண்டிருந்தது. அந்த ஆடிட் அறிக்கையை எழுத எனக்குக் கை வரவே இல்லை.

கேஸ் எஞ்சினைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். எஞ்சின் நல்ல சரக்குதான், எரிபொருளில் 40 சதவீதத்துக்கு மேல் கரண்டாக்கும். ஆனால் 1 மெகாவாட் எஞ்சினின் புகையிலிருந்து மணிக்கு முக்கால் டன் நீராவிகூட வராது. நமக்கு வேண்டியது 7 டன். ஒரு பங்கு கரண்டுக்கு எத்தனை பங்கு வெப்பம் வேண்டும் என்ற விகிதம்தான் இங்கே தீர்ப்பு சொல்கிறது. ஓட்டல், மருத்துவமனை, பால் பண்ணை மாதிரி இடங்களுக்கு எஞ்சின் பொருந்தலாம். சாய ஆலைக்கு அது சட்டையை விட்டுவிட்டுப் பொத்தானை மட்டும் வாங்குவது போல.

காற்றாலை, சோலார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் நீராவி தராது, அதனால் டர்பைனுக்கு மாற்று இல்லை. ஈ.பி. கரண்டுக்குத்தான் மாற்று. பழைய காற்றாலைகளுக்குக் கிடைத்த ஓராண்டு பேங்க்கிங் வசதி புதியவற்றுக்கு இல்லை. மே முதல் செப்டம்பர் வரை வீசுவதை மற்ற மாதங்களுக்குச் சேர்த்து வைக்க முடியாது. கூரைச் சோலாருக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் ஒரு லட்சம் சதுர அடி வேண்டும். கூரை இருந்தால் போடுங்கள். ஆனால் 630 கிலோவாட் டர்பைனோடு ஒரு மெகாவாட் சோலாரும் போட்டால், உச்சி வெயிலில் இரண்டும் சேர்ந்து மில்லின் சுமையைத் தாண்டிவிடும். நீராவி வேண்டும் என்பதால் டர்பைனைக் குறைக்க முடியாது, சோலாரைத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். சோலார் 500, 600 கிலோவாட்டோடு நிற்பது நல்லது.

சட்டம் எப்படிப் பார்க்கிறது

கோஜெனரேஷன் என்று பெயர் வைத்ததெல்லாம் கோஜெனரேஷன் ஆகிவிடாது. 1996இல் மத்திய மின் அமைச்சகம் ஒரு வரையறை கொடுத்தது: பயன்படும் மின்சாரம், அதோடு பயன்படும் வெப்பத்தில் பாதி, இரண்டையும் கூட்டினால் எரித்த எரிபொருளின் ஆற்றலில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அமெரிக்காவில் 1978இன் பர்பா சட்டத்தை ஒட்டி வந்த விதிகளிலும் இதே சாயலில் ஒரு சூத்திரம் உண்டு. வெப்பத்தைப் பாதியாகக் கணக்கிடுவதால், கண்டன்சிங் டர்பைனில் ஒரு சொட்டு நீராவியை வெளியே எடுத்துவிட்டு 'நானும் கோஜென்' என்று சொல்வோர் வடிகட்டப்படுகிறார்கள். நம் 45 கிலோ பேக் பிரஷர் கணக்கில் பாய்லர் திறன் 80 சதவீதம் இருந்தால் நூலிழையில் கோட்டைத் தொடுகிறது. அதற்குக் கீழே போனால் தொடாது. நல்ல பாய்லர் இல்லாமல் நல்ல கோஜென் இல்லை என்பதை அமைச்சகமே சொல்லி வைத்திருக்கிறது.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பிரிவு 86இல், புதுப்பிக்கத்தக்க ஆற்றலோடு சேர்த்து கோஜெனரேஷனையும் ஊக்குவிப்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையங்களின் கடமையாக வைத்தது. கரி எரித்து கோஜென் நடத்துபவரைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் வாங்கு என்று கட்டாயப்படுத்தலாமா என்ற வழக்கில், கூடாது என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2010இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு விதிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்த விலக்கை நம்பி முதலீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அதன் கீழ் வருடத்துக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றலைச் செலவழிக்கும் ஜவுளி ஆலை, குறிப்பிட்ட நுகர்வோர் ஆகிவிடும். சான்று பெற்ற எனர்ஜி மேனேஜர் வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். "நாம எங்கீங்க அவ்வளவு பெரிய ஆளு" என்பார்கள். நம் கற்பனை மில்லையே எடுங்கள். கரண்ட் மட்டும் 800 டன்னைத்தான் தாண்டும். ஆனால் கரி 4,700 டன்னுக்கு மேல். கோட்டை எப்போதோ கடந்தாயிற்று!

ஆலைகளுக்கு ஆற்றல் சேமிப்பு இலக்கு வைக்கும் மத்திய அரசின் பி.ஏ.டி. திட்டம் 2012இல் எட்டுத் துறைகளில் 478 ஆலைகளோடு தொடங்கியது. இலக்கைத் தாண்டிச் சேமித்தவர் சான்றிதழ் விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். அதன் கணக்கு முறையில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியிலிருந்து வாங்கும் கரண்டை யூனிட்டுக்கு 860 கிலோகலோரி என்று எழுதுகிறார்கள். அனல் நிலையத்தில் எரிந்த 2,500 அங்கேயே நின்றுவிடுகிறது. நாமே கோஜெனில் எடுத்தால் 1,200 நம் தலையில் விழுகிறது. நம் டர்பைன் ஓடினால் ஏட்டில் மில்லின் ஆற்றல் செலவு ஆண்டுக்கு 160 டன் எண்ணெய்ச் சமம் கூடும், நாட்டின் செலவோ பல நூறு டன் குறையும். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சமன் செய்யும் திருத்தக் காரணிகள் அந்தத் திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். அடிப்படை ஆண்டின் மீட்டர் பதிவு இல்லாதவருக்குக் கிடைக்காது.

2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023இல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கணக்கின் அலகு இப்போது கரியமில வாயு. இங்கே கோஜெனுக்கு நியாயம் கிடைக்கிறது. கிரிட் கரண்டுக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ உமிழ்வு. பேக் பிரஷர் டர்பைன் யூனிட்டுக்கு, கரியே எரித்தாலும், அரை கிலோவுக்குள். 47 லட்சம் யூனிட்டுக்கு ஆண்டுக்கு ஆயிரம் டன் குறைகிறது. கண்டன்சிங்கோ 1.7 கிலோ. சக்கையோ கடலைத் தோலோ சீமைக்கருவேலமோ எரித்தால் பேக் பிரஷரின் கணக்கு இன்னும் மேல்.

இந்தப் பக்கத்து மில்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் இல்லாமல் யாரும் சாயம் போட முடியாது. மல்டிபிள் எஃபெக்ட் எவாப்பரேட்டர் இரவு பகலாக நீராவி குடிக்கிறது. டர்பைனுக்கு அது வரப்பிரசாதம், சீரான சுமை. ஆனால் பலர் இப்போது எம்.வி.ஆர். எவாப்பரேட்டருக்கு மாறுகிறார்கள். அது நீராவிக்குப் பதில் கரண்டில் ஓடும் கம்ப்ரசரை வைத்து ஆவியை மறுபடி மறுபடி பயன்படுத்துகிறது. இன்று 7 டன் என்று டர்பைன் வாங்கி, இரண்டு வருடம் கழித்து எம்.வி.ஆர். போட்டால் நீராவி 5 டன்னாகும், கரண்ட் தேவை ஏறும், டர்பைன் குறைந்த சுமையில் முனகும். எது முதலில் என்று முடிவெடுத்துவிட்டு மற்றதை வாங்க வேண்டும். துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டருக்கு வேண்டிய வெப்பம் தெர்மிக் ஃப்ளூயிட் என்ற சூடான எண்ணெயில் வருவது, 250 டிகிரிக்கு மேல். அதையும் டர்பைன் நீராவியில் செய்துவிடலாம் என்று சொல்பவரிடம் இன்னொரு டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

என் வரிசை இதுதான். கசிவும் கண்டன்சேட்டும் உடனே. பாய்லருக்கு வயது இருந்தால் பி.ஆர்.வி. இடத்தில் சின்ன டர்பைன். பாய்லர் மாற்றும் நேரமென்றால், எம்.வி.ஆர். பற்றிய முடிவையும் கையோடு எடுத்துவிட்டு, 45 கிலோ பேக் பிரஷர். அளவு சராசரி நீராவிக்கும் கொஞ்சம் கீழே. மிஞ்சும் கரண்டுக்கு ஈ.பி.யும் கூரைச் சோலாரும். கண்டன்சர் பக்கம் போக வேண்டாம்.

கும்பிடு போடக் கேட்ட அந்த முதலாளி இப்போதைக்கு ஒன்று மட்டும் செய்திருக்கிறார். ஹெடரில் நீராவி அளக்கும் வோர்ட்டெக்ஸ் மீட்டர் ஒன்று போட்டு, மணிக்கு ஒரு முறை நீராவி அளவைக் குறிக்கச் சொல்லியிருக்கிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் நோட்டுப் புத்தகத்தின் படத்தை அனுப்பினார். அதிகாலை மூன்று மணிக்கு எதிரே 4.2 என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். கீழே ஒரு வரி: "இது ஏனுங்க இவ்வளவு கம்மி?"

பதிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிப் படத்தையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மில் ஓடாத நாளில் அந்த முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.